என் கை அளவு

அண்ணாச்சி, அந்தக் கவர்ல இருக்கது கிளட்ச் கேபிள்தான? வளையமா சுத்தி வச்சிருக்கதப் பாத்தாலே தெரியுதே. மாத்துங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா மாத்துததுக்கு முன்னால நான் சொல்லுதத ஒருக்க கேட்டுக்கிடுங்க. தென்காசி வரைக்கும் போறீயளா? நான் அதுக்கு முன்னாலயே எறங்கிருவேன், செம்புலிங்கபுரம் விலக்குல. இன்னும் நேரம் கெடக்கு.

ஒங்க வண்டி என்ன செய்யுது? முறுக்குனா சத்தம் மட்டும் வருது, வண்டி இழுக்க மாட்டேங்குதா? இல்ல, கிளட்ச்சப் புடிச்சாலும் கியர் முட்டுதா, நியூட்ரல் விழ மாட்டேங்குதா? ஒரு நாளு அப்படி, ஒரு நாளு இப்படின்னு மட்டும் சொல்லிராதீய. மாறி மாறி வந்தா அது கேபிள் இல்ல அண்ணாச்சி. அது ஆளு.

ஆமா, ஆளு. எனக்கு அப்படித்தான் ஆச்சு. அதுவும் யாரு? பொண்டாட்டி ஒண்ணு, பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சுல ஒக்காந்த சேக்காளி ஒண்ணு. ரெண்டு பேரும் சேந்து என்ன முட்டாளாக்கிட்டாவ. ஊரே சேந்துதான் ஆக்குச்சு. நான்தான் கடைசியா தெரிஞ்சிக்கிட்ட ஆளு.

எம் பேரு குத்தாலம், திருநவேலில ஒரு கடையில தராசு ரிப்பேர் பாக்கேன். கடைத் தராசு, நகைத் தராசு, இப்ப வார எலக்ட்ரிக் தராசு, எல்லாம். என் கைக்கு ஒரு கணக்கு உண்டு பாத்துக்கிடுங்க. முள்ளு ஒரு மயிரிழை தள்ளி நின்னாலும் விரல் சொல்லிரும். அந்தக் கைய வச்சுதான் என் கிளட்ச்சயும் வச்சிருந்தேன். லீவர் முட்டுத எடத்துல ஒரு ரூவாத் துட்டு நிமித்தி வச்சா உள்ள போவணும், ரெண்டாவது துட்டு போவக்கூடாது. அவ்வளவுதான் சும்மா வரணும். அதுக்குமேல இழுத்தா உடனே கடிக்கணும். டைட்டா இருந்தா உள்ள இருக்க கிளட்ச் பிளேட்டு வழுக்கும், கருகும். லூசா இருந்தா முழுசா வெட்டாது, கியர் கடகடங்கும். எட்டு வருசமா அதே வண்டி, அதே அளவு. ஒரு ஆள விட்டதில்ல. சேர்மக்கனி கூட எங்கிட்டக் கேட்டுத்தான் நட்டுல கை வைப்பான்.

சேர்மக்கனின்னா அந்தச் சேக்காளி. விலக்குல மெக்கானிக் கட போட்டிருக்கான். எங்க ஊரு மெயின் ரோட்டு விலக்குலருந்து உள்ள கொஞ்ச தூரம் போவணும். காலைல வண்டில விலக்குக்கு வருவேன், அவன் கடையில வண்டிய நிப்பாட்டுவேன், சாவியக் குடுப்பேன், பஸ் ஏறுவேன். சாவி எதுக்குன்னா, கட சின்னது, வண்டிய அங்கிட்டு இங்கிட்டு நகத்தணும்லா. சாயங்காலம் பஸ்ல வந்து எறங்கி வண்டிய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போவேன். எத்தனையோ பேரு அப்படித்தான் போடுதாவ. நம்பிக்கைதான அண்ணாச்சி. நம்பிக்கையிலதான சாவியக் குடுக்கது.

நான் வண்டி விசயத்துல எவ்வளவு கரெக்டுன்னு சொல்லுதேன் கேளுங்க. போன வருசம் என் மாமனாருக்கு இழுத்துக்கிட்டு கெடக்குன்னு போன் வந்துச்சு. அவரு ஊரு பூவலிங்கபுரம், ஆத்துப் பாலத்தத் தாண்டிப் போவணும். எம் பொண்டாட்டி, உலகம்மைன்னு பேரு, கட்டுன சேலையோட ஓடி வந்து வண்டிகிட்ட நின்னுட்டா. நான் கிளட்ச்சப் புடிச்சுப் பாத்தேன். லூசு. மழையில கேபிள் இழுபட்டிருக்கு. அரைகுறை கிளட்ச்சுல பின்னால ஆள ஏத்திக்கிட்டு ரோட்டுல போவ முடியுமா? பாலத்து ஏத்தத்துல நின்னுட்டா என்ன செய்ய? ஸ்பேனர எடுத்தேன். நட்ட லூஸ் பண்ணி, வச்சு, பாத்து, சரியில்லன்னு திருப்பி வச்சு, எஞ்சின் பக்கம் உள்ள நட்டையும் தொட்டு, மறுபடி வச்சேன். அவ பையப் புடிச்சுக்கிட்டு நின்னா. "போவுமா?"ன்னு ஒருக்க கேட்டா. அவசரப்படுத்தாதன்னேன். அவசரத்துல செய்யுத வேலையில்லல்லா இது.

நாங்க போயி எறங்கும்போது முடிஞ்சிருந்துச்சு. கொஞ்ச நேரத்துக்கு முன்னாலதான்னு சொன்னாவ. கடைசி வரைக்கும் மகளக் கேட்டாராம். விதி, என்ன செய்ய. ஆனா ஒண்ணு சொல்லணும், அந்த வழியில ஒரு எடத்துல கியர் முட்டல. பாலத்துல மூணாவது கியர்ல ஏறுச்சு வண்டி. ஆள ஏத்துனா அந்த அளவு பொறுப்பு வேணும்.

காரியமெல்லாம் முடிஞ்சு கொஞ்ச நாளு கழிச்சு, சோத்தப் போட்டுக்கிட்டே சொல்லுதா, எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தாங்களேன்னு. நான் சிரிச்சேன். கேலியாச் சிரிக்கல அண்ணாச்சி, சாதாரணமாத்தான் சிரிச்சேன். ஸ்கூட்டர்னா கூட சரி, இது கியர் வண்டி. அவ கையப் புடிச்சு என் கையோட வச்சு அளந்து காட்டினேன். என் விரல விட ஒரு கணு கம்மி. இந்தக் கைய வச்சு லீவர எட்டிப் புடிச்சா விரல் நுனிதான் படும், ஒனக்கு ஆவாதுன்னு நல்லபடியாத்தான் எடுத்துச் சொன்னேன். அவளும் சரின்னு கைய எடுத்துக்கிட்டா. அதோட முடிஞ்சதுன்னு நான் நெனச்சேன்.

அதுக்கப்புறம்தான் வண்டிக்கு நோவு வந்துச்சு. ஒரு நாளு சாயங்காலம் எடுத்தேன், ரயில்வே கேட்டுல நிக்கேன், நியூட்ரல் விழல. தட்டுதேன், தட்டுதேன், ஃபர்ஸ்ட்டுக்குப் போவுது, செகண்டுக்குப் போவுது, நடுவுல நிக்க மாட்டேங்குது. லீவரப் பாத்தா அம்புட்டு லூசு. சரின்னு வச்சேன். ஒரு வாரம் போச்சு. வாய்க்கா மேட்டுல ஏறும்போது எஞ்சின் கத்துது, வண்டி நவுரல. பாத்தா டைட்டு. நான் வச்ச அளவு எங்க போச்சு? கேபிள் தன்னால லூசாவும், ஒத்துக்கிடுதேன். தன்னால டைட்டு ஆவுமா?

சேர்மக்கனிகிட்டக் கேட்டேன். கேபிள் பழசு, மாத்திருவோம்னான். மாத்துனான். மறுபடி அதேதான். எண்ணெய மாத்தச் சொன்னான், மாத்தியாச்சு. கொஞ்ச நாள்ல வாடை வர ஆரம்பிச்சிட்டு, கருகுன வாடை. தொறந்து பாத்தா பிளேட்டு அத்தனையும் கறுத்துப் போயிக் கெடக்கு. எட்டு வருசத்துல நான் ஒரு செட்டு பிளேட்டுதான் மாத்திருக்கேன் அண்ணாச்சி. புது செட்டு போட்டான். கூலி வேண்டாம்னுட்டான். அப்பவே எனக்கு ஒறச்சிருக்கணும். எந்த மெக்கானிக் கூலி வேண்டாம்பான்?

எனக்கு ஒறச்சது வேற. பய என் வண்டிய வாடகைக்கு விடுதான்னு நெனச்சேன். பகல் பூரா வண்டி அவங்கிட்டத்தான நிக்கி. சாவியும் இருக்கு. எவனோ ஓட்டத் தெரியாதவன் எடுத்துட்டுப் போறான், கிளட்ச்ச அரையில புடிச்சுப் புடிச்சே ஓட்டுதான், பிளேட்டத் தின்னுட்டான். கணக்கு சரியாத்தான் போட்டேன் பாத்துக்கிடுங்க. ஆளுதான் தப்பு.

கையோட புடிக்கணும்லா. வீட்டுல மக வச்சிட்டுப் போன நகப்பூச்சு இருந்துச்சு, செவப்பு. மக கோயமுத்தூர்ல படிக்கா. உலகம்மைகிட்டத்தான் அத எடுத்துத் தரச் சொன்னேன். எதுக்குன்னு கேட்டா. லீவர்ல ஒரு நட்டு இருக்கு, அதுக்கும் அதோட ஒட்டிக்கிட்டு இருக்க இரும்புக்கும் குறுக்க ஒரு கோடு போடப் போறேன், யாராவது திருப்புனா கோடு பிசகிரும், சேர்மக்கனி மாட்டிக்கிடுவான்னு வெளக்கமாச் சொன்னேன். பக்கத்துல ஒக்காந்து கவனமாக் கேட்டுக்கிட்டிருந்தா. அவனப் போயி சந்தேகப்படாதீங்கன்னு ஒரு வார்த்த சொன்னா. ஒனக்குத் தெரியாது, நீ சும்மா இருன்னேன்.

அன்னைக்கு சாயங்காலம் போயிப் பாக்கேன், கோடு நேரா இருக்கு. மறுநாளும் நேரா இருக்கு. ஆனா கிளட்ச் சரியில்ல. கோடு மட்டும் நாளுக்கு நாளு தடிமனாயிக்கிட்டே போவுது. எனக்கு மண்ட காஞ்சு போச்சு. நகப்பூச்சு வெயில்ல ஊறி வீங்குமோன்னு கூட யோசிச்சேன் அண்ணாச்சி. சிரிக்காதீய.

சரி, பொறுத்தது போதும்னு ஒரு நாளு காலைல, விலக்குல அத்தன பேரும் நிக்கும்போது, சேர்மக்கனிய வச்சு வாங்குனேன். ஏல, சேக்காளின்னு சாவியக் குடுத்தா எவங்கிட்டயோ வண்டிய விட்டு வயித்த வளக்கியேன்னு கேட்டேன். அவன் அப்பன் வரைக்கும் இழுத்துட்டேன். டீக்கடைக்காரரு, பூக்கட்டுத பொம்பள, ஆட்டோக்காரப் பயலுவ எல்லாரும் நின்னு பாக்காவ. நமுட்டுச் சிரிப்பு சிரிக்காவ. அவனப் பாத்துச் சிரிக்காவன்னு எனக்கு நெனப்பு. அவன் கைத்துணியில விரல ஒவ்வொண்ணாத் தொடச்சுக்கிட்டு நின்னான். பெறவு, நீ பஸ்ஸுக்குப் போ, நேரமாச்சுன்னான். அவ்வளவுதான்.

அதுக்கடுத்த வாரம் எங்க மொதலாளிக்குச் சித்தப்பா தவறிட்டாருன்னு மத்தியானமே கடைய அடைச்சிட்டாவ. நானும் பஸ் ஏறி வந்துட்டேன். விலக்குல எறங்குனா ரோட்டுக்கு அந்தப்பக்கம் சேர்மக்கனி நிக்கான், கையில ஸ்பேனர். ரோட்டயே பாத்துக்கிட்டு நிக்கான். சரி, இன்னைக்கு மாட்டினான்னு எளநீ வண்டிக்குப் பின்னால ஒதுங்கிட்டேன்.

வண்டி வந்துச்சு. என் வண்டி. சத்தத்த வச்சே தெரியும். என் ஹெல்மெட்டு, எங்க வீட்டுச் சேல, பின்கொசுவம் சொருகிக்கிட்டு. கேரியர்ல தூக்குச்சட்டி தொங்குது. லாரிக்கு வழி விட்டு, கையக் காட்டி, திரும்பி, கட முன்னால வந்து நின்னா. ஒரு குலுக்கு இல்ல அண்ணாச்சி. நின்ன ஒடனே காலால ஒரே தட்டு, நியூட்ரல் விழுந்துட்டு. ஒரே தட்டு. எனக்கே ரெண்டு தட்டு வேணும்.

அவ எறங்கினா. இவன் குனிஞ்சான். நட்டத் திருப்புதான். அவ கைக்குத் தக்க லூசா வச்சிருந்தத, என் கைக்குத் தக்க கண்ணளவுல திரும்ப வைக்கான், அதான் ஒரு நாளு கூடுது, ஒரு நாளு கொறையுது. அவ ஹெல்மெட்டக் கழத்தி வச்சிட்டு, இடுப்புலருந்து நகப்பூச்சு குப்பிய எடுத்து, ஊதி ஊதிக் கோடு போடுதா. ரெண்டு பேரும் தெனமும் செஞ்சு பழகுன வேல மாதிரி செய்யுதாவ.

ரோட்டத் தாண்டிப் போயி நின்னேன். என்னப் பாத்ததும் அவ குப்பிய மூடினா. பயப்படல. அதுதான் எனக்குத் தாங்கல.

"எத்தன நாளா நடக்கு இது?"ன்னு கேட்டேன்.

"அப்பா காரியம் முடிஞ்சதுலருந்து"ன்னா.

அவ்வளவுதான் பதிலு. நீங்களே சொல்லுங்க, அவ அப்பா காரியத்துக்கும் என் கிளட்ச்சுக்கும் என்ன சம்பந்தம்? இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. சேர்மக்கனியப் பாத்தேன். நீயுமாலன்னு கேட்டேன்.

"ஒங்கிட்டத்தான் மொதல்ல கேட்டிருக்கா குத்தாலம்"னான். "நீ சிரிச்சியாம்."

அந்த வார்த்தைய அவன் மெதுவாத்தான் சொன்னான். ஆனா நான் அத்தன பேரு முன்னால அவன் அப்பன இழுத்துப் பேசுனத விட அது சத்தமா இருந்துச்சு. நான் அவனத் திட்டும்போது ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா? வண்டிய எடுத்தது ஒம் பொண்டாட்டிதான்னு சொல்லிருக்கலாம்லா? சொல்லல. வாங்கிக்கிட்டு நின்னான். அதுக்குப் பேரு என்ன? எனக்குக் கோவந்தான் வருது. திட்டுனவன முட்டாளா நிப்பாட்டிட்டு இவன் பெரிய மனுசனாயிட்டான்.

வண்டியிலருந்து சாவியப் புடுங்கி அவ முன்னால தரையில வீசினேன். நீயே வச்சிக்க, இனிமே நான் தொட மாட்டேன்னேன். அவ அழுவா, கையப் புடிப்பா, வேண்டாம் இனிமே ஓட்டலன்னு சொல்லுவான்னு நெனச்சேன். எந்தப் பொம்பளயா இருந்தாலும் அப்படித்தான சொல்லுவா? இவ குனிஞ்சா. சாவியப் பொறுக்குனா. மண்ணத் தட்டி இடுப்புல சொருகிக்கிட்டா.

மகளுக்குப் போனப் போட்டேன், ஒங்க அம்மா செஞ்சிருக்க காரியத்தக் கேளுன்னு. "தெரியும்ப்பா"ன்னுட்டா. வீடியோ எடுத்து அவளுக்கு அனுப்பிருக்காவ. எட்டு போடுத வீடியோ. லைசென்சு வேற எடுத்தாச்சாம். அதுல எம் பேரு இருக்கு பாத்துக்கிடுங்க, புருசன் பேருன்னு.

இப்ப தெனமும் மத்தியானம் பூவலிங்கபுரம் போறா. அவ அம்மை தனியா கெடக்கு, கண்ணு சரியாத் தெரியாது. தூக்குச்சட்டியில சோறு கொண்டு போயிக் குடுத்துட்டு, தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வாரா. நான் கூட்டிட்டுப் போவ மாட்டேன்னு என்னைக்காவது சொன்னேனா? ஞாயித்துக்கெழம போவம்னுதான் சொன்னேன். ஞாயித்துக்கெழம வண்டி கழுவுத நாளு. அதுல ஒண்ணு ரெண்டு வாரம் தவறத்தான் செய்யும்.

நட்டு இப்ப அவ கை அளவுலதான் நிக்கி. செவப்புக் கோடு புதுசாப் போட்டிருக்கா. ஒரு நாளு அவ இல்லாத நேரம் லீவரப் புடிச்சுப் பாத்தேன். என் கைக்கு என்னமோ வேற வண்டி மாதிரி இருந்துச்சு. திருப்பி வச்சிருவமான்னு நட்டுல கைய வச்சேன். வேண்டாம்னு விட்டுட்டேன். அவ திரும்பத் திருப்புவா, நான் திருப்புவேன், நடுவுல பிளேட்டுல்லா சாவும்.

கேளுங்க, இன்னும் முடியல. நான் இந்தப் பஸ்ல வந்து எறங்குவேன்லா, அந்த நேரத்துக்குச் சரியா வண்டிய எடுத்துக்கிட்டு விலக்குல வந்து நிக்கா. தெனமும். ஏறுங்கன்னு கூப்புட மாட்டா. நிப்பா. நான் அவளப் பாக்காம நடக்க ஆரம்பிப்பேன். அவ பக்கத்துலயே வண்டிய உருட்டிக்கிட்டு வருவா, ஃபர்ஸ்ட் கியர்ல, கிளட்ச்ச அரையில புடிச்சுக்கிட்டு, நான் நடக்க வேகத்துக்கு. வீடு வரைக்கும். வயக்காட்டுல வேலைய முடிச்சிட்டுப் போறவுக எல்லாம் நின்னு பாக்காவ. நான் நின்னா அவளும் நிப்பா. நான் ஓரமா ஒண்ணுக்குப் போனாக்கூட கொஞ்சம் தள்ளி நின்னு அந்தப் பக்கம் திரும்பிக்கிடுவா.

அந்த மாதிரி அரைக் கிளட்ச்சுல அவ்வளவு தூரம் உருட்டுனா பிளேட்டு தாங்குமா? நீங்க சொல்லுங்க. நேத்து வாய்க்கா மேட்டுகிட்ட வாடை வந்துட்டு. ரெண்டு மாசமா பேசாத ஆளு, வாய விட்டுட்டேன். "அரையில புடிக்காத, பிளேட்டு கருகுது"ன்னேன்.

அவ என்ன சொல்லுதா தெரியுமா? திரும்பிக்கூடப் பாக்கல. ரோட்டப் பாத்துக்கிட்டே சொல்லுதா:

"நீங்க ஏறுனா நான் முழுசா விட்டுருவேன்."

ராத்திரி பூரா அதுதான் காதுல கெடந்துச்சு. சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லல்லா. வண்டிக்கு அது நல்லதுதான். இன்னைக்கும் அப்படியே உருட்டுனா மேட்டுல வண்டி படுத்துரும். பெறவு பிளேட்டு மாத்த சேர்மக்கனிகிட்டத்தான் போவணும். அவங்கிட்ட எந்த மூஞ்சியோட போயி நிக்க?

அந்தா, பாலம் வந்துட்டு. அடுத்தது விலக்குதான். நான் எந்திரிக்கேன். அந்தப் புளியமரத்துக்குக் கீழ பாருங்க, நிக்கா பாருங்க. என் ஹெல்மெட்டுதான். எஞ்சின அமத்தல, ஆனா நியூட்ரல்ல போட்டு நிக்கா, கை லீவர்ல இல்ல தெரியுதா? அந்த மட்டுக்குச் சரி.

நீங்க வீட்டுக்குப் போயி, ஒங்க வண்டிய வேற யாரும் எடுக்காவளான்னு ஒரு வார்த்த கேளுங்க. சத்தம் போடாமக் கேளுங்க. கேட்டுட்டுக் கேபிள மாத்துங்க.

அண்ணாச்சி, இன்னொண்ணு. நான் பின்னால ஒக்காந்ததே கெடையாது. நம்ம வண்டில நாமதான ஓட்டுவோம். பின்னால ஒக்காருதவுக எதப் புடிச்சுக்கிடுவாவ? பின்னால கம்பி ஒண்ணு உண்டுல்லா, அதையா, இல்ல முன்னால இருக்கவுக தோளையா? அவ இத்தன வருசமா எதப் புடிச்சிருந்தான்னு நான் திரும்பிப் பாத்ததே இல்ல.